முடி உதிர்வுக்குத் தலையில் தடவும் ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) எதிர்ப்பு மருந்துகள்: எது, எவ்வளவு, எத்தனை வேளை?

துகேலா_கரை
டர்பன்ல இருந்து எழுதுறேன். நெத்தி ரெண்டு மூலையும் ஏறியிருக்கு, சுழியில தோல் தெரியுது. மினாக்ஸிடில் 5% (முடி வளரத் தடவுற மருந்து) போயிட்டிருக்கு, இருக்கிறதைப் பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். மாத்திரை வேண்டாம், தடவுறதாத்தான் வேணும். கையில இருக்கிற யோசனைகள்:

– கெமிஸ்ட் கலந்து தர்ற மினாக்ஸிடில் 5% + ஃபினாஸ்டெரைடு 0.1%, காலை மாலை 1 மி.லி.
– கிளாஸ்கோடெரோன்
– இணையத்துல விக்கிற ஆர்யூ58841 பொடி
– ஸ்பைரோனோலாக்டோன் லோஷன்

இதுல எது வலுவானது? எது ரத்தத்துல குறைவா சேரும்? இன்னொண்ணு, தைப்பூசக் காவடிக்கு மொட்டை போடணும். அப்ப மருந்தை நிறுத்தணுமா?

கெமிஸ்ட்_வெருலம்
தம்பி, நீங்கள் போட்டிருக்கும் பட்டியலில் இரண்டு வேறு இனங்கள் கலந்திருக்கின்றன. அதைப் பிரித்துக்கொள்ளாமல் வலு பேச முடியாது.

ஃபினாஸ்டெரைடும் டூடாஸ்டெரைடும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியை முடக்குபவை. டெஸ்டோஸ்டிரோன், முடியை மெலிய வைக்கும் ஆண் ஹார்மோனான டி.எச்.டி.யாக மாறுவது குறைகிறது. உங்கள் பட்டியலின் மற்ற மூன்றுக்கும் டி.எச்.டி. உண்டாவதைத் தடுப்பது முக்கிய வேலை அல்ல. மயிர்க்காலில் உள்ள ஏற்பியில் டி.எச்.டி. போய் உட்காரும் இடத்தைத் தாங்கள் பிடித்துக்கொள்கின்றன. கறாராகப் பார்த்தால் ஆண்ட்ரோஜன் எதிர்ப்பு மருந்து என்ற பெயர் இந்த இரண்டாம் இனத்துக்குத்தான்.

நடைமுறையில் இதன் பொருள்: முதல் இனம் தோல் வழியாக ரத்தத்துக்குக் கசிந்தால் உடம்பு முழுக்க டி.எச்.டி. இறங்கும். ஏனென்றால் அந்த நொதி கல்லீரலிலும் புராஸ்டேட்டிலும் இருக்கிறது.

இப்போது உங்கள் முதல் வரியைக் கணக்குப் போடுங்கள். 0.1% என்றால் 1 மி.லி.யில் 1 மி.கி. காலை மாலை சேர்த்து 2 மி.கி. வேண்டாம் என்று ஒதுக்கிய ஃபினாஸ்டெரைடு மாத்திரை 1 மி.கி. தான்.

கரும்புக்காடு
மாத்திரைக்குப் பயந்து ரெண்டு மாத்திரையைத் தலையில தேய்க்கிறதுதான் இங்க பாதிப் பேர் பண்றது.

"தடவின அவ்வளவும் உள்ள போகாதே"ன்னு சொல்லுவாங்க. சரி, போகாது. ஆனா ஃபினாஸ்டெரைடு எவ்வளவு கொஞ்சத்துக்கே வேலை செய்யும்னு பாருங்க. 1999ல வந்த ஆய்வுல மாத்திரையையே வேற வேற அளவுல கொடுத்து டி.எச்.டி. அளந்தாங்க. 5 மி.கி.க்கு ரத்தத்துல 72% இறங்குச்சு, 1 மி.கி.க்கு 71%, வெறும் 0.2 மி.கி.க்கே கிட்டத்தட்ட 69%. தலைத்தோல்ல 0.05 மி.கி.க்கே 60%க்கு மேல விழுந்துச்சு. 0.01க்கு வந்தாத்தான் பலன் படுத்துது.

ஆக 2 மி.கி. தடவி அதுல பத்துல ஒரு பங்கு ரத்தத்துக்குப் போனாலே 0.2 மி.கி. முழு மாத்திரை போட்ட மாதிரிதான். தடவுறதோட லாபமே அளவைச் சின்னதா வச்சாத்தான்.

சேந்த்_ஆந்த்ரே974
பிரான்சின் தீவான ரீயூனியனில் இருந்து. ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ஃபினாஸ்டெரைடு ஸ்பிரே ஒன்று இருக்கிறது, ஜெர்மனியில் ஃபின்ஸுர் என்ற பெயரில். அதன் அளவைப் பார்த்தாலே மேலே சொன்னது விளங்கும். 1 மி.லி.யில் 2.275 மி.கி. ஒரு அழுத்துக்கு 50 மைக்ரோலிட்டர், அதாவது 0.114 மி.கி. ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதிகபட்சம் நான்கு அழுத்து. மொத்தம் 0.455 மி.கி. தாண்டாது.

இந்த அளவு சும்மா வந்ததில்லை. முதலில் முழு 1 மி.லி. போட்டுச் சோதித்தபோது ரத்த டி.எச்.டி. மாத்திரையைப் போலவே 60–70% விழுந்தது. பிறகு அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். 200 மைக்ரோலிட்டரில் தலைத்தோலில் ஏறக்குறைய பாதி குறைவு, ரத்தத்தில் கால் பங்கு மட்டும். 400 போட்டால் தலைத்தோலில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை, ரத்தத்தில் மட்டும் குறைவு 40%க்கு மேல் ஏறிவிட்டது. அங்கேதான் கோடு போட்டார்கள்.

மூன்றாம் கட்ட ஆய்வில் 24 வாரத்துக்குப் பிறகு, அளந்த வட்டத்துக்குள் கூடிய மயிர்: ஸ்பிரேக்கு 20, மாத்திரைக்கு 21, மருந்தில்லாத திரவத்துக்கு 7. ரத்த டி.எச்.டி. ஸ்பிரேக்கு 35%, மாத்திரைக்கு 56% இறங்கியது.

துகேலா_கரை
அப்ப ஸ்பிரேயில கிட்டத்தட்ட 0.23%, நம்ம கெமிஸ்ட் கலவையில 0.1%. ஸ்பிரேதானே அடர்த்தி?

கெமிஸ்ட்_வெருலம்
அடர்த்தி கூடுதல், ஒரு வேளைக்கு ஊற்றும் கன அளவு ஐந்தில் ஒன்று, அதுவும் நாளைக்கு ஒரே வேளை. சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். எழுதிக்கொள்ள வேண்டியது ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை.

மினாக்ஸிடிலோடு சேர்த்துக் காலை மாலை 1 மி.லி. போடப் போகிறீர்கள் என்றால் ஃபினாஸ்டெரைடு 0.025% போதும். 60 மி.லி. குப்பிக்கு 15 மி.கி. ஒரு வேளைக்கு 0.25, இரு வேளைக்கு 0.5 மி.கி. ஸ்பிரேயின் உச்ச அளவுக்கு ஏறக்குறைய நிகர். ஏறக்குறைய என்றுதான் சொல்வேன். அந்த ஸ்பிரேயில் ஹைட்ராக்ஸிபுரொப்பைல் கைட்டோசான் இருக்கிறது, உலர்ந்ததும் தோல்மேல் மெல்லிய படலமாகப் படிந்து மருந்தை அங்கேயே நிறுத்துவதற்காக. சாதாரண எத்தனால்–புரொப்பிலீன் கிளைக்கால் கலவையில் அந்தப் படலம் கிடையாது. புரொப்பிலீன் கிளைக்காலே மருந்தைத் தோலுக்குள் இழுத்துச் செல்லக்கூடியது.

மாத்திரையை இடித்து மினாக்ஸிடில் குப்பியில் கொட்டும் வேலை வேண்டாம். ஃபினாஸ்டெரைடு எத்தனாலில் நன்றாகக் கரையும், தண்ணீரில் கரையாது. மாத்திரையில் உள்ள லாக்டோஸ், செல்லுலோஸ், மேற்பூச்சு எதுவும் அந்தத் திரவத்தில் சரியாகக் கரையாது. அடியில் வண்டலாகத் தங்கிச் சொட்டுக்குழாயை அடைக்கும், தலையில் வெள்ளைப் பொடியாக உதிரும். இடிக்கும்போது பறக்கும் தூள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஆபத்து. தூய பொடியை எடைபோட்டுக் கரைத்து வடிகட்டுவது மருந்தகத்தின் வேலை.

காத்ர்போர்ன்_வாசி
மொரீஷியஸிலும் இதே கதைதான், 0.1% என்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. டூடாஸ்டெரைடு தடவுவது பற்றி யாராவது சொல்லுங்களேன்.

கரும்புக்காடு
டூடாஸ்டெரைடு நொதியோட ரெண்டு வகையையும் அடைக்கும், ஃபினாஸ்டெரைடு பெரும்பாலும் இரண்டாம் வகையை மட்டும். அது பலம். பலவீனம் ரெண்டு. மூலக்கூறு எடை 528, தோல் தானா உள்ள விடுற எல்லை சுமார் 500. ஃபினாஸ்டெரைடு 372, சுலபமா நுழையும். அதனால டூடாஸ்டெரைடை ஊசியா மயிர்க்கால் பக்கத்துல போடுற முறைதான் டாக்டர்கள்கிட்ட பரவலா இருக்கு. ரெண்டாவது, கசிஞ்சு ரத்தத்துல சேர்ந்துட்டா அதோட அரை ஆயுள் ஏறக்குறைய 5 வாரம். ஃபினாஸ்டெரைடுக்கு 5–6 மணி நேரம். ஒத்துக்கலைன்னு நிறுத்தினா ஃபினாஸ்டெரைடு சீக்கிரம் ரத்தத்தை விட்டுப் போயிடும், இது மாசக்கணக்குல இருக்கும். முதல் முயற்சிக்கு இதை எடுக்காதீங்க.

இப்ப ஏற்பியை அடைக்கிற இனம்.

கிளாஸ்கோடெரோன்: 2020ல அமெரிக்காவுல பருவுக்கு அனுமதி கிடைச்சது, 1% கிரீம், வின்லெவின்னு பேர். தலைக்குச் சோதிச்சது 5% திரவம், ரெண்டு வேளை. கிரீமை வாங்கித் தலையில தேய்க்கிறவங்க அஞ்சுல ஒரு பங்கு அடர்த்தியில, முடியில ஒட்டிக்கிற ஒரு பசையைத் தேய்க்கிறாங்க. அது வேற, இது வேற. இதோட நல்ல குணம், இது ஒரு எஸ்டர். ரத்தத்துக்குப் போனா சீக்கிரம் உடைஞ்சு கார்டெக்சோலோன் ஆயிடும். டி.எச்.டி. அளவையும் தொடாது. கெட்ட குணமும் அதே எஸ்டர்தான், தாங்காத சரக்கு. கிரீமையே கெமிஸ்ட் குளிர்பெட்டியில வச்சிருந்து கொடுக்கணும், திறந்து ஒரு மாசத்துல தூக்கிப் போடணும். இணையத்துல பொடி வாங்கி வீட்டுல கரைக்கிறவங்களுக்கு அதுல எத்தனை நாள் மருந்து மருந்தா இருக்குன்னு எப்படித் தெரியும்?

ஆர்யூ58841: பிரான்சுல ரூசெல் யூக்லாஃப் கண்டுபிடிச்சது. மாக்காக் குரங்குல நல்லாவே முடி வந்துச்சு. மனுஷனுக்கு அனுமதி எங்கயும் கிடையாது. விக்கிறவன் "ஆராய்ச்சிக்கு மட்டும்"னு ஒட்டி விக்கிறான். தூய்மை, எடை, கூட என்ன கலந்திருக்கு, எதுக்கும் பொறுப்பு இல்லை. பொடியை உறைபெட்டியில வைக்கணும், கரைச்சா சீக்கிரம் கெடும். டர்பன் பிப்ரவரி வெக்கையில லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தா உங்க மருந்தும் ஐஸ்கிரீமும் ஒண்ணாத்தான் உருகும். ஐஸ்கிரீம் கெட்டது கண்ணுக்குத் தெரியும்.

பைரிலூட்டமைடு, அதாவது கேஎக்ஸ்-826: சீனாவுல கின்டார் கம்பெனி. 0.5% ரெண்டு வேளை மூன்றாம் கட்டத்துல 2023ல மருந்தில்லாத திரவத்தைப் புள்ளியியல் கணக்குல ஜெயிக்கலை. அப்புறம் அழகுசாதனமா விக்க ஆரம்பிச்சாங்க.

ஃப்ளூரிடில்: செக் நாட்டுச் சரக்கு, யூகாபில், 2%, ஐசோபுரொப்பனாலில். தண்ணி பட்டா உடையற மாதிரியே வடிவமைச்சது, ரத்தத்துல தங்கக் கூடாதுன்னு. அதனால தலை எலும்பு மாதிரி காய்ஞ்சிருக்கணும். குளிச்ச ஈரத்துலயோ வேர்வையிலயோ போட்டா அங்கயே செத்துடும். நம்ம கடலோர வெயில் காலத்துக்குக் கொஞ்சமும் ஒத்து வராது.

துகேலா_கரை
கிளாஸ்கோடெரோன் 539% முன்னேற்றம்னு செய்தி பார்த்தேனே?

கரும்புக்காடு
அது மருந்தில்லாத திரவத்தோட ஒப்பிட்டுச் சொன்ன சதவீதம். 2025 டிசம்பர்ல காஸ்மோ கம்பெனி வெளியிட்டது, ரெண்டு ஆய்வு. ஒண்ணுல 539, இன்னொண்ணுல 168. ஒரே மருந்து, ஒரே அளவு, ஏன் இப்படி வித்தியாசம்? கீழ்ப்பகுதி எண் சின்னதா இருந்தா விகிதம் வானத்துக்குப் போகும். ஒண்ணு ஆறானாலும் 500%தான், பத்து அறுபதானாலும் 500%தான். மருந்து வேலை செய்யுது, அதுல சந்தேகம் இல்ல. ஃபினாஸ்டெரைடோட ஒப்பிடணும்னா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மயிர்னு கேளுங்க, சதவீதம் கேக்காதீங்க.

உம்லங்கா_தோல்நலம்
ஸ்பைரோனோலாக்டோனை விட்டுவிட்டீர்கள். மூலக்கூறில் கந்தகம் இருப்பதால் 5% லோஷன் அழுகின முட்டை வாடை அடிக்கும். வேர்த்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும். பெண்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பதில் அனுபவம் நிறைய, தடவுவதற்கு ஆதாரம் மெல்லியது. ஆண்கள் இதை மாத்திரையாக எடுத்தால் மார்பு பெருக்கும், அதனால்தான் தடவும் வடிவம் பேச்சுக்கு வந்தது. என் கணிப்பில் இன்று அதற்கு இடமில்லை.

கீட்டோகொனசோல் 2% ஷாம்பூவை இந்த மருந்துப் பட்டியலில் எண்ணாதீர்கள். லேசான எதிர்ப்புக் குணம் இருக்கலாம். பொடுகும் அரிப்பும் இருந்தால் வாரம் இரண்டு முறை, நுரையோடு 3–5 நிமிடம் வைத்து அலசுங்கள். மற்ற மருந்து நிற்க வேண்டிய தோல் புண்ணில்லாமல் இருப்பதே பெரிய லாபம்.

தடவும் முறைக்கு வருகிறேன், தவறுகள் பெரும்பாலும் இங்கேதான்:

தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் ஆல்கஹால் கலவை ஒட்டாது. எண்ணெய் வைக்கும் வழக்கம் இருந்தால் வாரத்தில் ஒரு நாள், குளிப்பதற்கு முன் வைத்து அன்றே ஷாம்பூ போட்டு எடுத்துவிடுங்கள்.

சொட்டுக்குழாயை முடிமேல் காட்டினால் பாதி மருந்து முடிக்குத்தான். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோலில் முனை படும்படி, ஒரு வகிட்டுக்கு நாலைந்து சொட்டு. மெலிந்த இடத்துக்கு மட்டும். பின்மண்டையில் ஊற்றி வீணாக்க வேண்டாம், அங்கே உள்ள மயிர்க்கால்கள் டி.எச்.டி.க்கு அஞ்சாதவை.

விரல் நுனியால் பரப்பியதும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலையணைக்குப் போவதற்கு முன் முழுவதும் உலர வேண்டும். ஈரத்தோடு படுத்தால் தலையணை உறையில் சேர்வது பக்கத்தில் படுப்பவர் கன்னத்துக்கும் போகும். கர்ப்பமாக இருப்பவர், கர்ப்பத்துக்கு முயல்பவர் வீட்டில் இருந்தால் ஃபினாஸ்டெரைடு, டூடாஸ்டெரைடு திரவம் அவர்கள் தோலில் படவே கூடாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டில் பூனை இருந்தால் மினாக்ஸிடிலுக்கும் இதே எச்சரிக்கை. பூனை தலையணையை நக்கினாலே உயிருக்கு ஆபத்து.

உலராத தலையோடு பிராய் (இறைச்சி வாட்டும்) அடுப்பிடமோ கற்பூரத் தட்டிடமோ குனியாதீர்கள். அது எத்தனால்.

காத்ர்போர்ன்_வாசி
டெர்மா ரோலர் (நுண்ணூசி உருளை) போட்டால் மருந்து நன்றாக இறங்கும் என்கிறார்களே?

உம்லங்கா_தோல்நலம்
இறங்கும், ரத்தத்துக்கு. அதுதான் பிரச்சினை. ஊசி குத்திய அன்றும் மறுநாளும் ஃபினாஸ்டெரைடு எதுவும் போடாதீர்கள். மினாக்ஸிடிலும் 24 மணி நேரம் பொறுக்கட்டும்.

மொட்டைக்கும் அதே பதில்தான். சவரக்கத்தி தோலின் மேலடுக்கையும் கொஞ்சம் சுரண்டிவிடும், சின்னக் கீறல்கள் இருக்கும். காவடி முடிந்த அன்று சந்தனமும் விபூதியும் மஞ்சள் நீரும் தலையில் இருக்கும். அதையெல்லாம் கழுவி, இரண்டு மூன்று நாள் விட்டு, தண்ணீர் பட்டால் எரியாத நிலை வந்ததும் தொடங்குங்கள். முடி இல்லாததால் மருந்து முழுக்கத் தோலுக்குத்தான் போகும். முதல் சில வாரம் 1 மி.லி.க்குப் பதில் அரை மி.லி. போதும்.

கரும்புக்காடு
நாலு நாள் விட்டா போச்சேன்னு பதற வேண்டாம். ஃபினாஸ்டெரைடு நொதியோட ஒட்டினா லேசுல விடாது, ரத்தத்துல மருந்து தீர்ந்த பிறகும் நொதி முடங்கியே கிடக்கும். இந்த இனத்துல வேளை தவறினா நஷ்டம் சின்னது. ஏற்பியை அடைக்கிற இனம் அப்படி இல்ல. அது டி.எச்.டி.யோட போட்டி போட்டு உட்காருது, அடர்த்தி குறைஞ்சா இடத்தை விட்டுக் கொடுத்துடும். 5%ன்னு கனமா, ரெண்டு வேளைன்னு கறாரா இருக்கிறது அதுனாலதான். சோம்பேறிக்கு அது ஆகாது.

சேந்த்_ஆந்த்ரே974
பக்கவிளைவை யாரும் பேசவில்லையே. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை ஃபினாஸ்டெரைடு மாத்திரைக்குத் தற்கொலை எண்ணம் ஒரு பக்கவிளைவு என்று உறுதி செய்தது. பிரான்சில், எனவே இங்கேயும், 1 மி.கி. மாத்திரைக்கு டாக்டரும் நோயாளியும் சேர்ந்து கையெழுத்திட்ட தகவல் படிவம் வேண்டும்.

கெமிஸ்ட்_வெருலம்
தடவும் வடிவத்துக்கும் எச்சரிக்கை உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஏப்ரலில், மருந்தகங்கள் கலந்து தரும் ஃபினாஸ்டெரைடு திரவம் பற்றி அறிக்கை விட்டது. 2019 முதல் 2024 வரை 32 புகார்கள்: விறைப்புக் குறைவு, ஆசைக் குறைவு, பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை, மூளை மந்தம், விரை வலி. சிலருக்கு நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். 32 என்பது பெரிய எண் அல்ல, ஆனால் "தடவுவதுதானே" என்று யாரும் எச்சரிக்காமல் விற்றதுதான் அவர்கள் குற்றச்சாட்டு. மனச்சோர்வுக்கு முன்பு சிகிச்சை எடுத்தவர் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மனநிலை மாறினால் குப்பி தீரும்வரை காத்திருக்காமல் அன்றே நிறுத்த வேண்டும்.

புராஸ்டேட் பரிசோதனைக்குப் போகும் வயதில் உள்ளவர்களுக்கு: ஃபினாஸ்டெரைடு மாத்திரை பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நோயைக் கண்டறிய ரத்தத்தில் பார்ப்பது) அளவைப் பாதியாகக் காட்டும். தடவுபவரும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், தலைக்குப் போடுவதை யாரும் கேட்க மாட்டார்கள்.

துகேலா_கரை
அப்ப ஃபினாஸ்டெரைடுதான், சின்ன அளவுல. ஸ்கிரிப்ட்ல (டாக்டர் மருந்துச் சீட்டுல) என்ன எழுதச் சொல்லணும்? மூணு மாசத்துக்கு மொத்தமா கலந்து வாங்கிக்கலாமா?

கெமிஸ்ட்_வெருலம்
மூன்று மாதத்துக்கு முடியாது. தென்னாப்பிரிக்காவில் கெமிஸ்ட் கலந்து தருவதற்கு 1965ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 14(4) பிரிவில்தான் இடம். குறிப்பிட்ட நோயாளிக்கு, 30 நாளுக்கு மட்டும். முன்கூட்டிக் கலந்து அலமாரியில் அடுக்கி, இணையத்தில் விளம்பரம் செய்து விற்பவர் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். அப்படிப்பட்ட கடையைத் தவிர்ப்பது நல்லது. கெட்டுப்போவதைப் பார்த்தாலும் மாதக் குப்பிதான் சரி.

ஸ்கிரிப்டில் சதவீதத்தோடு மில்லிகிராமும் இருக்கட்டும்: மினாக்ஸிடில் 5%, ஃபினாஸ்டெரைடு 0.025% (1 மி.லி.க்கு 0.25 மி.கி.), 60 மி.லி., ஒரு வேளைக்கு 1 மி.லி., நாளைக்கு இரண்டு முறை, மெலிந்த இடத்தில் மட்டும். தசமப் புள்ளி ஒன்று நகர்ந்தால் பத்து மடங்கு, அதற்காகத்தான் இரண்டையும் எழுதச் சொல்கிறேன். புரொப்பிலீன் கிளைக்காலுக்குத் தோல் சிவந்து அரிக்கும் என்றால், அது இல்லாமல் கிளிசரால் சேர்த்துக் கலக்கச் சொல்லலாம், ஆனால் மினாக்ஸிடில் 5% அதில் நிற்காது. குளிர்ந்தால் படிகம் விழும், 2–3 சதவீதத்துக்கு இறக்க வேண்டி வரும்.

வாங்கியதும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டும். அடியில் ஊசி ஊசியாகத் தெரிந்தால் குலுக்கிப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுங்கள். மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) பொதுவாக இதற்குக் காசு தராது, அழகு சிகிச்சை என்பார்கள்.

உம்லங்கா_தோல்நலம்
தொடங்கும் அன்றே படம் எடுத்துவிடுங்கள்: ஒரே விளக்கு, ஒரே தூரம், உலர்ந்த முடி, சுழி ஒன்று, நெற்றி மூலை இரண்டு. காவடி மொட்டையால் மூன்று மாதப் படம் பயன்படாது, முடி நீளம் பொருந்தாது. மொட்டைக்கு முன் ஒன்று, முடி பழைய நீளத்துக்கு வந்ததும் ஒன்று. ஆறு மாதத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள், பன்னிரண்டில் முடிவெடுங்கள்.

துகேலா_கரை
நன்றி அக்கா, நன்றி அண்ணா. இப்ப இருக்கிற சாதா மினாக்ஸிடில் குப்பியில பாதி பாக்கி இருக்கு. அது தீர்ந்த பிறகு புதுசைத் தொடங்கலாமா, ரெண்டையும் மாத்தி மாத்திப் போடலாமா?

கெமிஸ்ட்_வெருலம்
காலையில் பழையது, இரவில் புதியது. அப்படிப் போட்டால் ஃபினாஸ்டெரைடு நாளைக்கு 0.25 மி.கி. மட்டும். ஒரு மாதம் அந்த அளவில் உடம்பு எப்படி ஏற்கிறது என்று பார்த்துவிட்டு இரு வேளைக்குப் போங்கள்.